ஆலை வாசலில் அரசு மருத்துவம்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியை முன்வைத்து

மாநிலத்தின் மருத்துவத் துறையை மேம்படுத்தும் புதிய வழிகள் என்பது இன்றைய பொருள். அதை மாநிலம் முழுவதற்கும் பரப்பிப் பேசினால் எதுவும் கைக்கு அகப்படாது. ஆகவே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் தொழிற்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1998இல் ஹூண்டாய் இங்கே கார் உற்பத்தியைத் தொடங்கியது முதல் காரும் லாரியும் டயரும் கைப்பேசியும் செய்யும் ஆலைகள் வரிசையாக வந்துவிட்டன. வந்த தொழிலாளரில் பெரும்பகுதியினர் வெளியூர்க்காரர்கள். விடுதியில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஷிப்ட் முறையில் வேலை பார்ப்பவர்கள். நம் மருத்துவ அமைப்போ நோயாளிக்கு நிலையான வீடு உண்டு, பகலில் அவர் அங்கே இருப்பார் என்று நம்பிக் கட்டப்பட்டது. தொழிலாளி எங்கே போனாலும் கூடவே வரும் ஒரே சிகிச்சைப் பதிவு, அதுவும் அரசின் பொறுப்பில் இருந்தால்தான் இந்த இடைவெளி அடைபடும் என்பதே என் வாதம்.

பதிவேடு என்றதும் அலுவலக விவகாரம் என்று தோன்றலாம். ஆனால் தமிழகத்தின் மருத்துவச் சாதனைகளில் நிலைத்து நிற்பவை பலவும் இப்படிப்பட்ட நிர்வாக ஏற்பாடுகளால் விளைந்தவையே. 1994இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, ஒதுக்கப்பட்ட தொகைக்குள் தேவையான மருந்தைக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளச் செய்தது. இதைவிட நெருக்கமான முன்மாதிரி கர்ப்பிணிகளுக்கான பதிவு முறை. மாமியார் ஊரில் கருவுற்ற பெண் பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். அதனால் ஒரு சுகாதார நிலையத்தில் தொடங்கிய கவனிப்பு இன்னொன்றில் அறுந்துபோகும். 2008 வாக்கில் வந்த பிக்மி கணினிப் பதிவு ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, அவர் எந்த ஊருக்குப் போனாலும் அங்குள்ள செவிலியர் தொடர்ந்து கவனிக்க வழி செய்தது. 2018–20 கணக்கில் லட்சம் பிரசவத்துக்கு நாட்டின் தாய் இறப்பு 97 ஆக இருந்தபோது தமிழகத்தில் அது 54. அந்த வேறுபாடு முழுவதையும் ஓர் எண்ணின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் ஊர் மாறும் மனிதரைப் பின்தொடர்ந்து கவனிக்க இந்த அரசுக்குத் தெரியும் என்பது அங்கே நிரூபணமாகிவிட்டது.

அந்தத் திறமை ஆலைத் தொழிலாளிக்கு ஏன் எட்டவில்லை? அவருக்கென்று வாசல்கள் இல்லாமல் இல்லை; பல வாசல்கள் உண்டு, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பேச்சு இல்லை. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ரத்த அழுத்த, சர்க்கரை நோய் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. இரவு ஷிப்ட் முடித்தவர் அந்த நேரத்தில் உறங்கிக்கொண்டிருப்பார், பகல் ஷிப்ட்காரர் லைனில் நிற்பார். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யின் சம்பள வரம்பு 2017 முதல் மாதம் 21,000 ரூபாய்; ஊதிய உயர்வு அந்தக் கோட்டைத் தாண்டினால் பங்களிப்புக் காலம் முடிந்ததும் காப்பீடு போய்விடும். 1961ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டத்தின்கீழ்ச் சேர்க்கப்படுவோர் தொடக்கத்திலேயே அதற்கு வெளியே. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கோ குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய், அதாவது மாதம் 10,000. 21,000ஐத் தாண்டி இ.எஸ்.ஐ.யை இழந்தவர் இதற்குள்ளும் வர முடியாது. 500 பேருக்கு மேல் உள்ள ஆலையில் மருத்துவ அறை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. அங்கே எழுதப்படும் குறிப்பு ஆலை வாசலைத் தாண்டுவதில்லை.

இங்கே வேலை செய்பவர்கள் இளைஞர்கள்தானே, அவர்களுக்கு எதற்கு இவ்வளவு ஏற்பாடு என்பது முதல் ஆட்சேபம். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஆலைப் பெண்கள் இந்த வயதுக்குள் வருபவர்கள். 2020இல் நடந்த மாநில ஆய்வின்படி வயது வந்தோரில் சுமார் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களுள் நோய் கட்டுக்குள் இருந்தவர் நூற்றுக்கு 7 பேர் அளவிலேயே. நோயைக் கண்டுபிடிப்பதற்கும் கட்டுப்படுத்துவதற்கும் நடுவில்தான் நாம் ஆட்களை இழக்கிறோம். 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு மின்னணு ஆலையின் பெண்கள் விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, தோழியருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாத பெண்களிடையே மரண வதந்தி பரவி, நெடுஞ்சாலை மறியலில் போய் முடிந்தது. யார் எந்த மருத்துவமனையில் இருக்கிறார் என்று உடனே சொல்லக்கூடிய ஒரே பட்டியல் அன்று இருந்திருந்தால் அந்த வதந்திக்கு இடம் குறைந்திருக்கும்.

2024 ஜனவரியில் அரசு தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்ற பெயரில் பணியிடங்களிலேயே பரிசோதனையைத் தொடங்கியது. திசை சரியானது. ஆனால் பரிசோதனை முகாமோடு நின்றால் நோயாளிகளின் எண்ணிக்கை தெரியும், நோய் குறையாது. முகாமில் நோய் கண்டறியப்பட்டவருக்கு அங்கேயே, பிக்மி எண்ணைப் போல, ஓர் எண் தர வேண்டும். அந்த எண்ணைச் சொன்னால் ஆலை மருத்துவ அறையிலும், இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும், பொங்கலுக்கு ஊருக்குப் போனால் அங்கேயும் அதே மாத்திரை கிடைக்க வேண்டும். 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. இந்த ஏற்பாட்டை முதலில் நடத்திப் பார்க்க அதைவிடத் தோதான இடம் இல்லை. அங்கே மாலையிலும் விடியற்காலையிலும் ஷிப்ட் மாறும் நேரத்தில் திறந்திருக்கும் அரசு மருந்தகம் ஒன்று போதும், தொடங்கிவிடலாம்.

கம்பெனிகள் செய்ய வேண்டியதை மக்கள் வரிப்பணத்தில் செய்வதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். முதலாளிமார் ஊதியத்தில் 3.25 விழுக்காட்டையும் தொழிலாளர் 0.75 விழுக்காட்டையும் இ.எஸ்.ஐ.க்குச் செலுத்துகிறார்கள். அதன் மருத்துவச் செலவை ஓர் உச்சவரம்புக்குள் இ.எஸ்.ஐ. கழகமும் மாநில அரசும் 7:1 என்று பகிர்ந்துகொள்ளும் வழக்கமும் இருக்கிறது. ஆகவே சுகாதார நிலையம் கொடுத்த மாத்திரைக்கான தொகையைக் கழகத்திடம் பிறகு கணக்குத் தீர்த்து வாங்குவது புதுமையான காரியமல்ல. அந்தக் கணக்கை இரண்டு அலுவலகங்கள் தமக்குள் பார்த்துக்கொள்ளட்டும். அதற்காகத் தொழிலாளி ஒருநாள் சம்பளத்தை இழந்து அலைய வேண்டியதில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் தொழிற்சங்கங்களிடமிருந்து வரும். சர்க்கரை, காசநோய், கர்ப்பம் என்று பதிவேட்டில் ஏறியது நிர்வாகத்தின் காதுக்கு எட்டினால் கான்ட்ராக்ட் தொழிலாளியை மறுமாதம் கூப்பிட மாட்டார்களே என்பார்கள். இந்த அச்சத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஜப்பானில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுதோறும் தொழிலாளருக்கு உடல் பரிசோதனை செய்விப்பது முதலாளியின் கடமை, முடிவும் அவர் கைக்கு வரும். வேலை நிரந்தரமாக உள்ள இடத்தில் அது பொருந்தலாம். ஒப்பந்ததாரர் சொல்லே வேலை உத்தரவாக இருக்கும் நம் ஊருக்கு அது ஆகாது. இங்கே பதிவு பொது சுகாதாரத் துறையிடமே இருக்க வேண்டும். தனிநபர் பெயரோடு எதையும் ஆலைக்குத் தரக் கூடாது. எத்தனை பேருக்கு என்ன நோய் என்ற மொத்த எண்ணிக்கையை மட்டும் தரலாம். நோயைக் காரணம் காட்டி வேலை மறுப்பதைத் தடுக்க 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் ஏற்கெனவே வழி காட்டியிருக்கிறது. அந்தப் பாதுகாப்பைப் பிற நோய்களுக்கும் மாநிலம் விரிக்க வேண்டும். இந்தச் சட்டக் காப்பு இல்லாமல் எண்ணை மட்டும் கொண்டுவந்தால், அதை எதிர்க்கும் முதல் ஆளாக நானே இருப்பேன்.

1939இல் இந்தியாவிலேயே முன்னோடியாகப் பொது சுகாதாரச் சட்டம் இயற்றிய மாகாணம் நம்முடையது. அன்று கிணறும் குளமும் சந்தையும் நோய் பரவும் இடங்களாகக் கருதப்பட்டு அரசின் கண்காணிப்பில் வந்தன. இன்று விடுதிச் சமையற்கூடமும் ஷிப்ட் பஸ்ஸும் ஆலைக் கேன்டீனும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டன. 2022இல் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் 100 படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது, அது தேவையே. ஆனால் ரத்த அழுத்த மாத்திரை விட்டுப்போய்ப் பக்கவாதம் வந்து அந்தப் படுக்கைக்கு வருபவரை, வராமல் காப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அரசு முதலில் வல்லம் வடகால் குடியிருப்பில் இரண்டாண்டு இதை நடத்திப் பார்க்கட்டும். முடிவில், எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்பதைச் சொல்லாமல், கண்டறியப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு நோய் கட்டுக்குள் வந்தது என்ற ஒரே எண்ணைச் சட்டமன்றத்தில் வைக்கட்டும். அந்த எண்ணை வைத்து நாம் அரசை மதிப்பிடலாம்.