கரையிலே உள்ள புத்தி கந்தோரிலே எங்கே?

(குருநகரில் கடற்றொழிலாளர் மத்தியில் நிகழ்த்திய உரை)

 

குருநகர்க் கரையிலே நடப்பதை நாம் பலமுறை நின்று பார்த்திருக்கின்றோம். வள்ளம் கரை சேர்கிறது. மீனைக் கூறுபவர் எல்லோர் செவியிலும் விழக் கூறுகிறார்; கேட்பவர் எல்லோர் முன்னிலையிலும் விலை கேட்கிறார். பின்னர் வள்ளத்துக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிகிறது. உடன்பிறந்தார் இருவர் ஒரே வள்ளத்தில் போனாலும் காசை எண்ணித்தான் கொடுப்பார்கள். அதனை அவமதிப்பென்று எவரும் கொள்வதில்லை. அதே மனிதர் சங்கக் கந்தோருக்குள் நுழைந்ததும், "தனாதிகாரி தங்கமான மனிதர், அவரிடம் கணக்குக் கேட்பதா?" என்கின்றனர்! கரையிலே உள்ள புத்தி கந்தோரிலே ஏன் இல்லாமற் போகிறது?

கூட்டுறவு நமக்குப் புதியதன்று. 1911ஆம் ஆண்டில் இலங்கையிலே கூட்டுறவு நாணயச் சங்கங்களுக்குச் சட்டம் வந்தது. 1929இல் யாழ்ப்பாணத்திலே கூட்டுறவு மாகாண வங்கி எழுந்தது. 1936இல் மூளாயிலே கூட்டுறவு மருத்துவமனை தோன்றியது. சிறுகச் சிறுகச் சேர்ந்த காசினாலும், அக்காசு போன வழியை எழுதி வைத்த ஏடுகளினாலும் நிலைபெற்றவை இவை.

நாம் அறிந்த சங்கம் ஒன்று உண்டு; பெயர் வேண்டாம். அதன் தனாதிகாரி ஒரு சதமும் எடுத்தவரல்லர். சந்தாப் பணத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்து, கூலியும் எரிபொருளும் அதிலேயே கொடுத்து, மிஞ்சியதை வங்கியில் இடுவார். பற்றுச்சீட்டுகள் பாதி இல்லை. தலைவரோ வெற்றுக் காசோலைகளில் முன்கூட்டியே ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டார். கணக்குப் பரிசோதனையில் குறைவு தெரிந்தது. ஊர் வாய் திறந்தது. அந்த மனிதர் மனைவியின் நகையை விற்றுக் குறையை நிரப்பினார்; பழி மட்டும் தீரவில்லை. அவரைக் காத்திருக்கக்கூடியது ஒரு காசேடு!

கணக்காளர் "உள்ளகக் கட்டுப்பாடு" என்பது பெரிய வித்தையன்று. பணத்தை வாங்குபவர் ஒருவர், ஏட்டில் எழுதுபவர் மற்றொருவர், செலவுக்கு அனுமதி கொடுப்பவர் வேறொருவர் என்றிருத்தல் வேண்டும். பற்றுச்சீட்டுக்குத் தொடரிலக்கம் வேண்டும். பிழைத்த சீட்டையும் கிழித்தெறியாது புத்தகத்திலேயே வைத்தல் வேண்டும். வந்த பணம் முழுவதும் அப்படியே வங்கிக்குப் போகவேண்டும். சில்லறைச் செலவுக்கெனத் தனியே ஒரு தொகை ஒதுக்கி, சீட்டுக் காட்டிய அளவுக்கே அதனை மீள நிரப்புதல் நன்று. மாத முடிவில் வங்கிக் கூற்றையும் காசேட்டையும் ஒப்பிடுபவர் தனாதிகாரியாக இருத்தலாகாது. இதிலேதான் பெரும்பாலான சங்கங்கள் வழுக்கி விழுகின்றன.

பொருளும் பணமே. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் வடமராட்சி கிழக்குக் கரைக்கு உதவிகள் வந்ததை அறிவீர்கள். அவ்வாறு வரும் வள்ளமும் வலையும் இயந்திரமும் இலக்கமிட்டுப் பதியப்பட்டு, ஆண்டுக்கொருமுறை நேரிற் சென்று எண்ணப்படவேண்டும். புலம்பெயர்ந்த உறவினர் வலைக்கென்று அனுப்பிய காசில் மண்டபத்துக்குக் கூரை போடுதல் திருட்டன்று என்று வாதாடலாம். அடுத்த முறை அவர்கள் அனுப்பமாட்டார்கள்.

இன்னொன்று. 1972ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டம், பதிவுபெற்ற சங்கத்தின் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதிக்க வேண்டுமென விதித்தது. தன்னார்வ அமைப்புகளுக்கான 1980ஆம் ஆண்டுச் சட்டத்தை 1998இல் திருத்தியபொழுது, மோசடிக்குச் சான்று காணப்படின் இடைக்கால முகாமைச் சபையை நியமிக்கும் அதிகாரம் அமைச்சருக்குக் கொடுக்கப்பட்டது. நமது சங்கத்தை நாமே ஆளவேண்டுமென்று மேடைதோறும் முழங்குகின்றோம். ஏட்டை எழுதாது விட்டு, ஆளும் அதிகாரத்தைப் பிறர் கையில் நாமே எடுத்துக் கொடுப்பதா?

அடுத்த பொதுக்கூட்டத்திலே காசேட்டையும் வங்கிக் கூற்றையும் மேசைமேல் விரித்து வையுங்கள். எழுந்து கேள்வி கேட்கும் முதல் மனிதரை, "உட்காரும்!" என்று அதட்டாதீர்கள்.