மீட்டர்ல சிமிட்டுற சிவப்பு லைட் என்ன சொல்லுது?

(திண்டுக்கல்லில் வார்டு நிர்வாகிகள் கூட்டத்தில் நம்ம ஐ.டி. விங் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம்)



நாகல் நகர், பேகம்பூர்னு எந்தத் தெருவுக்குப் போனாலும் நம்மகிட்ட முதல்ல வர்ற கேள்வி, "தம்பி, கரண்ட் பில் ஏன் இவ்வளவு ஏறுச்சு?" வாட்ஸ்அப்ல வந்த ஃபார்வர்டை வெச்சு பதில் சொல்றோம். இனிமே அளந்து பார்த்து சொல்லுவோம். பூட்டு வாங்கினாக்கூட இழுத்துப் பார்த்து வாங்குற ஊரு நம்ம ஊரு!

அளக்க எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். உங்க வீட்டு டிஜிட்டல் மீட்டர்ல ஒரு சின்ன சிவப்பு லைட் சிமிட்டுறதைப் பார்த்திருப்பீங்க. ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை தடவை சிமிட்டும்னு மீட்டர் முகப்பிலேயே அச்சடிச்சிருக்கும். பல வீடுகள்ல அது 3200. ஒரு யூனிட்ங்கிறது 36,00,000 ஜூல். அதை 3200ஆல் வகுத்தா 1125. இந்த ஒரு எண்ணை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. உங்க மீட்டர்ல வேற எண் இருந்தா அதால வகுத்துக்கங்க.

இப்போ வீட்ல எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, ஒரு ஃபேனை மட்டும் போடுங்க. ஒரு சிமிட்டலுக்கும் அடுத்த சிமிட்டலுக்கும் எத்தனை விநாடினு செல்போன்ல பாருங்க. 1125ஐ அந்த விநாடியால வகுத்தா வர்றதுதான் வாட். 15 விநாடினா 75 வாட், அது பழைய ஃபேன். 37 விநாடினா ஏறக்குறைய 30 வாட், அது பி.எல்.டி.சி. ஃபேன். பழைய சோக் வெச்ச ட்யூப்லைட்டைப் போட்டுப் பாருங்க. ட்யூப் மேல 40 வாட்னுதான் எழுதியிருக்கும். ஆனா 22 விநாடியிலேயே சிமிட்டும், அதாவது 50 வாட். மீதி 10 வாட்டை சோக் சாப்பிடுது. அட்டையில போட்டிருக்கிறது ஒண்ணு, மீட்டர் எழுதுறது வேற ஒண்ணு.

வாட் மட்டும் தெரிஞ்சா போதாது, எத்தனை மணி நேரம் ஓடுதுன்னும் பார்க்கணும். 750 வாட் மிக்சி போடுற சத்தத்துக்குப் பயந்து "கரண்ட் இழுக்குது"னு அம்மா சொல்வாங்க. தினம் 10 நிமிஷம் ஓடினா 60 நாளைக்கு ஏழரை யூனிட்தான். சத்தமே இல்லாத செட்டாப் பாக்ஸ் 10 வாட் எடுக்குதுன்னு வைங்க. 24 மணி நேரமும் பிளக்ல இருந்தா 14 யூனிட்டுக்கு மேல! நம்ம ஊரு வெயிலுக்கு ஒரு பழைய ஃபேன் தினம் 16 மணி நேரம் ஓடினா 72 யூனிட். அதுவே 30 வாட் ஃபேனா இருந்தா 29 யூனிட். அதனால எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தணும்னு கடன் வாங்காதீங்க. அதிக நேரம் ஓடுற ஃபேனை முதல்ல மாத்துங்க. பாத்ரூம் பல்பு கடைசியில மாறட்டும்.

இது சில்லறைக் கணக்கு இல்ல தோழர்களே. 2022ல வந்த கட்டண முறையில ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமா இருந்துச்சு. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிட்டா, 101லேர்ந்து 200 வரைக்கும் கிடைச்ச பாதி விலைச் சலுகை அதுல போயிடுச்சு. அதாவது 500ல நின்ன வீடு 505 ஆனா, அஞ்சு யூனிட்டுக்காக 200 ரூபாய்க்கு மேல கூடுச்சு. ஒரு செட்டாப் பாக்ஸ் பிளக்கைப் பிடுங்கியிருந்தாலே அந்த வீடு தப்பிச்சிருக்கும்.

ஃப்ரிட்ஜை இந்த முறையில அளக்காதீங்க. அது விட்டு விட்டு ஓடும். ஊருக்குக் கிளம்பும்போது ஃப்ரிட்ஜை மட்டும் விட்டுட்டு ரீடிங்கை போட்டோ எடுங்க. திரும்பி வந்ததும் எடுங்க. வித்தியாசத்தை நாள் கணக்கால வகுங்க.

எல்லாத்தையும் ஆஃப் பண்ணி, ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் பிளக்கையும் எடுத்த பிறகும் லைட் சிமிட்டுதா? வயரிங்ல கசிவு இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க, அது உயிர் விஷயம். மீட்டர் மேலேயே சந்தேகமா? 750 வாட் அயர்ன் பாக்ஸை மட்டும் போடுங்க. அது சூடாகிற நேரத்துல நிமிஷத்துக்கு 40 தடவை சிமிட்டணும். வோல்டேஜ் கம்மியா இருந்தா குறையும். 40ஐ விட ரொம்ப அதிகமா ஓடினா மின்வாரிய பிரிவு அலுவலகத்துல மீட்டர் சோதனைக்கு மனு கொடுங்க. மின்னகம் 94987 94987லயும் புகார் சொல்லலாம். சீலை மட்டும் யாரும் தொடாதீங்க.

கடைசியா ஒண்ணு. பிளக்ல சொருகினா பாதி பில் குறையும்னு ஒரு "பவர் சேவர்" பெட்டி விக்கிறாங்க. உள்ளே இருக்கிறது ஒரு கெப்பாசிட்டர். அது கரண்ட்டோட ஆம்பியரைக் குறைச்சுக் காட்டும். ஆனா வீட்டு மீட்டர் ஆம்பியருக்குக் காசு போடுறதில்ல, உண்மையா செலவான யூனிட்டுக்குத்தான் போடுது. பெட்டியை சொருகிட்டு சிமிட்டலை எண்ணிப் பாருங்க, விநாடி மாறாது. வயசானவங்க அதுக்குக் காசை விடாம பார்த்துக்கிறது நம்ம பொறுப்பு.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருத்தரும் உங்க தெருவுல அஞ்சு வீட்டுக்குப் போங்க. எந்தக் கட்சி வீடுன்னு பார்க்காதீங்க. ஃபேன், லைட், செட்டாப் பாக்ஸ் மூணையும் அளந்து, ஒரு பேப்பர்ல எழுதி அந்த வீட்டு அக்கா கையில கொடுத்துட்டு வாங்க. அடுத்த ரீடிங் எடுக்க ஆள் வர்றப்போ, கேள்வி கேட்க அவங்க கையில கணக்கு இருக்கும்.



#திண்டுக்கல் #அளந்துபார்ப்போம் #நம்மவீட்டுமின்கணக்கு