பிழையை முன்கூட்டிச் சொல்லும் வழிகாட்டி

விமான நிலையமே இல்லாத திருவண்ணாமலையில் விமான வழிகாட்டல் பற்றிய உரை எதற்கு என்ற வியப்பு எழலாம். ஆனால் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் கைபேசித் திரையில் நகரும் புள்ளியைப் பார்த்தபடி சுற்றிவருவோர் இன்று பலர். அந்தப் புள்ளியை எவ்வளவு நம்பலாம் என்ற வினா அவர்களுக்கும் உரியதே.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் சமிக்ஞை வந்து சேர எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்தே கருவி தன் இருப்பிடத்தைக் கணிக்கிறது. அந்த அளவீட்டில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தொலைவு 300 மீட்டர் மாறிவிடும். இப்பிசகைக் களைய இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் இணைந்து உருவாக்கிய அமைப்பே ககன். திருவனந்தபுரம், போர்ட் பிளேர், ஜம்மு உட்பட 15 இடங்களில் நிறுவப்பட்ட ஆதார நிலையங்கள் தம் இருப்பிடத்தை முன்பே துல்லியமாக அறிந்தவை. ஆதலால் செயற்கைக்கோள் காட்டும் இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவற்றால் கண்டுகொள்ள முடிகிறது. அவ்வேறுபாடுகளிலிருந்து பெங்களூர் மையம் கணிக்கும் திருத்தங்கள், பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றுவதால் வானில் நிலையாக நிற்பதுபோல் தோன்றும் ஜிசாட் வகைச் செயற்கைக்கோள்கள் வழியே நாடெங்கும் ஒலிபரப்பாகின்றன.

அறிந்த புள்ளியைக் கொண்டு அறியாததை அளக்கும் இம்முறை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1802இல் நில அளவையாளர் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலை அருகே சங்கிலி பிடித்து அடிக்கோடு அளந்ததும் இதே நோக்கில்தான். இவ்வுரையாளரின் மாணவப் பருவத்தில் கோணம் அளக்கும் தியோடலைட்டைத் தோளில் சுமந்து வெயிலில் நின்ற நில அளவைப் பயிற்சியை விரும்பிய மாணவர் அரியர். அதன் அருமை விளங்கியதெல்லாம் பணிக்குப் போன பின்னரே.

இந்தியாவுக்கென்று வாய்த்த தனிச் சிக்கல் அயனி மண்டலம், அதாவது சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற மேல்வளிப் படலம். காந்த நடுக்கோடு நாட்டின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. தும்பா ராக்கெட் ஏவுதளத்துக்குத் தேர்வானதும் அதனால்தான். அக்கோட்டின் மேல் பகலில் எலக்ட்ரான்கள் நீரூற்றைப் போல உயரே எழும்பி, வடக்கிலும் தெற்கிலும் இறங்கிக் குவிகின்றன. பொழுது சாய்ந்தபின் அப்படலத்தில் தோன்றும் எலக்ட்ரான் அடர்த்தி குறைந்த குமிழிகள் சமிக்ஞையைத் துடிக்கவைத்து, சில வேளைகளில் அறவே மறைத்தும் விடுகின்றன. ககனைப் போன்ற அமெரிக்காவின் வாஸ் அமைப்பு 2003இலேயே செயல்பாட்டுக்கு வந்துவிட்டது எனினும், படலத்தை ஒரே மெல்லிய ஓடாகக் கருதும் அதன் கணிப்புமுறை இவ்வானுக்குப் பொருந்தவில்லை. பல அடுக்குகளாகக் கணிக்கும் முறையை இந்திய அறிவியலாளரே வகுக்க வேண்டியதாயிற்று. இரவல் சூத்திரத்தை அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கிப் பழகியவர்கள் இதைச் சற்று நின்று எண்ணிப்பார்ப்பது நல்லது.

துல்லியத்தைப் பலரும் புகழ்வர். நம்பகமே அதனினும் பெரிது. விமானம் ஓடுபாதையை நெருங்கும் வேளையில் தகவல் பிழையாகுமானால், அதை நம்ப வேண்டாம் என்ற எச்சரிக்கை 10 நொடிக்குள் விமானியை எட்டியாக வேண்டும் என்பது ககன் 2015 ஏப்ரலில் சான்று பெற்ற ஏபிவி-1 தரத்தின் விதி. ககன் கருவியைச் சுமந்த ஜிசாட்-4 2010இல் ஏவுதல் தோல்வியில் அழிந்ததையும் கடந்து எட்டிய நிலை இது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கர் நிலையத்தில் இண்டிகோ நிறுவனத்தின் ஏ.டி.ஆர். விமானம் ககன் துணையோடு தரையிறங்கியது. ககனின் பயன் விமானத்தோடு நின்றுவிடவில்லை. 2017 ஒக்கிப் புயலில் குமரி மீனவர் பலர் நடுக்கடலில் எச்சரிக்கை எட்டாமல் மாண்டனர். கைபேசிக் கோபுரம் எட்டாத கடலில் செல்வோருக்கு 2019இல் அறிமுகமான ஜெமினி கருவி, ககன் வழியாகவே புயல் எச்சரிக்கையைப் பெற்றுத் தருகிறது.

ஆயினும் ககனுக்கும் எல்லை உண்டு. திருவண்ணாமலைக் கோயிலின் 217 அடி உயர ராஜகோபுரத்தின் அடியில் நிற்பவரின் கைபேசிக்குச் சமிக்ஞை கல்லில் பட்டுத் தெறித்து வந்தால், அப்பிழையைத் தொலைவிலுள்ள எந்த ஆதார நிலையமும் அறிய வழியில்லை. அயனி மண்டலப் பிழையைக் கருவியே அளந்து நீக்க உதவும் இரட்டை அலைவரிசை முறையிலும், அந்திக் குமிழிகளை முன்கூட்டிக் கணிப்பதிலும் வேலை இன்னும் நிறையக் கிடக்கிறது; இயற்பியலிலும் கணிதத்திலும் இன்று பட்டம் பெறுவோர் அதில் இறங்கலாம்.