யாருக்கு வேஸ்ட்?

(பள்ளிக்கரணையில் வாசிப்பு வட்டத் தோழர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரு நாளில் எத்தனை முறை ‘வேஸ்ட்’ என்கிறோம்? டைம் வேஸ்ட், காசு வேஸ்ட், வேஸ்ட் பேப்பர். மெக்கானிக் கடையில் எண்ணெய் துடைக்கும் ‘பனியன் வேஸ்ட்’டைக் கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். திருப்பூர் கம்பெனிக்குக் கழிவு, மெக்கானிக்குத் தேவை. ஆக, வேஸ்ட் என்பது பொருளின் குணமல்ல, பார்ப்பவர் போடும் கணக்கு.

இதன் லத்தீன் வேர்ச்சொல்லுக்கு ‘வெறுமையானது’ என்று பொருள். நிலத்தை அளந்த ஆங்கிலேயர், பயிரிடாத நிலத்தை ‘வேஸ்ட்’ என்று எழுதினார்கள். அங்கே மாடு மேய்ந்ததும் மக்கள் விறகு பொறுக்கியதும் வரிக் கணக்கில் வரவில்லை.

நம் சதுப்பு நிலத்துக்குத் தமிழில் கழுவெளி என்று பெயர் இருந்தது. சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீரைத் தாங்கி, ஒக்கியம் மடு வழியாக முட்டுக்காட்டுக் கடலுக்கு அனுப்பும் வேலையை அது செய்கிறது. அதைப் பயனற்ற நிலமாகப் பார்த்ததால்தான் பெருங்குடியில் நகரத்தின் குப்பையைக் கொட்ட முடிந்தது. 2022இல் அதற்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. நிலம் மாறவில்லை, கணக்கு மாறியது. ஆனால் குப்பையை அள்ளும் கைகளின் சாதி இன்றும் பெரும்பாலும் மாறவில்லை.

இந்தக் கணக்கை எழுதியதில் சாதிக்கும் பங்குண்டு. அன்று நம் ஊர் இருந்த செங்கல்பட்டு மாவட்டத்தில், கிராமத் தரிசின் மீது முன்னுரிமை மிராசுதாரர்களுக்கு இருந்தது. பண்ணையாளாக உழைத்த பறையர் ஒருவர் அந்த ‘வேஸ்ட்’டில் ஒரு துண்டு கேட்டால், மிராசுதாரரின் எதிர்ப்பைத் தாண்ட வேண்டும். அதுவரை யாரும் உழாத நிலம், தலித் கேட்டதும் தேவைப்பட்ட நிலமாகிவிடும்! ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் இந்த மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் அவற்றில் ஏராளமான நிலம் பிறர் கைக்குப் போனது. காரணை பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். ‘வேஸ்ட்’ என்று எழுதப்பட்ட நிலத்துக்கு இரண்டு உயிர்கள் விலை.

அதே சொல் இப்போது கல்லூரிக்குள்ளும் வந்திருக்கிறது. இடஒதுக்கீட்டில் வந்த மாணவர் ஒரு பேப்பரில் அரியர் வைத்தால் ‘ஒரு சீட் வேஸ்ட்’ என்கிறார்கள். பணம் கட்டி மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர் அரியர் வைத்தால் அப்படிச் சொல்வதில்லை. தலித் கைக்கு வரும்வரை அந்தச் சீட்டும் யாருக்கும் வேஸ்ட்டாகத் தெரியவில்லை.

எனவே யாராவது ‘வேஸ்ட்’ என்றால், யாருக்கு, யார் கணக்கில் என்று கேளுங்கள். கேள்வியைப் பேச்சோடு நிறுத்த வேண்டாம். உங்கள் கிராமத்தில் பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர், இன்று அது யார் பெயரில் இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். அவர்கள் எழுதிய கணக்கை நாம் தணிக்கை செய்வோம்.

ஜெய்பீம்.