கூரைச் சலதாரையும் சிராவகர் ஒழுக்கமும்



மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் குன்றின் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் பலரும் அறிந்தவை. நெடுஞ்செழியன் பெயரும், கணி நந்தன் என்னும் துறவியின் பெயரும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்தைக் காணச் செல்வோர் காணாமல் திரும்புவது ஒன்று உண்டு. பாறையின் நெற்றியில் புருவம் போன்று நீண்ட விளிம்பொன்று செதுக்கப்பட்டிருக்கும். மேலே பெய்த மழைநீர் பாறையைத் தழுவி உள்ளே வழியாமல், அவ்விளிம்பில் தடைப்பட்டு வெளியே சொட்டிவிடும். துறவியர்க்கு உறையுள் அமைத்த இல்லறத்தார் படுக்கையை வெட்டியதோடு நில்லாமல் நீர் செல்லும் வழியையும் எண்ணினர்.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரத்துச் சமணர் ஊர்களில் இன்றும் எஞ்சியிருக்கும் ஓட்டு வீடுகளில், இரு சரிவுகள் கூடும் கூடல்வாயில்தான் சருகு முதலில் தங்கும். அங்கே நீர் தேங்கினால் ஓட்டின் அடியில் புகுந்து, கைமரமும் சட்டமும் உளுத்துப்போகும். மொட்டைமாடி வீடுகளிலோ குழாயின் வாய் ஒன்றே வழி. வேப்பிலை ஒரு கைப்பிடி போதும், அவ்வாய் அடைபட. நூறு சதுர மீட்டர் மாடியில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 5,000 லிட்டர்; அது வழியின்றி நின்றால் தளத்தின்மேல் ஏறும் சுமை 5 டன். கசிவும் விரிசலும் அதன்பின் வருபவை. இவை யாவும் எந்தச் சமயத்தார் வீட்டுக்கும் பொது.

சிராவகர்க்கு உரிய கவலை வேறு. மரத்திலிருந்து உதிர்ந்து காய்ந்த சருகு அசித்தம், அதில் உயிரில்லை. அதே சருகு நீரில் சில நாள் ஊறினால் உயிர்க்களமாகிவிடும். நத்தை, எறும்பு என்று தொல்காப்பியர் மரபியலில் வகுத்த அறிவு வரிசைக்கு அந்தச் சிறு குழியிலேயே சான்று காணலாம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நன்னீரில் வளர்வது. முட்டை முழுக் கொசுவாக ஏறத்தாழ எட்டு முதல் பத்து நாள் போதும். அந்நிலையில் வீட்டுக்காரர் இரு தீங்குகளுக்கு இடையே நிற்கிறார். விட்டுவைத்தால் தம் பிள்ளைகளுக்கும் அண்டை வீட்டார்க்கும் நோய். வாரிக் கொட்டினால் எண்ணற்ற உயிர்களுக்கு இறுதி. நீர் தேங்குமுன் சருகை அகற்றியிருந்தால் இந்த இக்கட்டே நேர்ந்திராது.

இல்லறத்தில் சமைத்தல், பெருக்கல் முதலியவற்றால் நேரும் ஆரம்பி இம்சை தவிர்க்க இயலாதது என்று சாத்திரம் ஒப்புகிறது. ஆனால் உமாஸ்வாதியார் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்துப் பிரமாதத்தை, அதாவது அசட்டையை, முன்வைக்கிறார். பங்குனியில் உதிர்ந்த இலை ஐப்பசி வரை கூரையில் கிடந்து அழுகுவது தவிர்க்க இயலாத இம்சை ஆகாது. அது அசட்டையின் கணக்கில் சேர்வது. "கூலியாள் வந்தான், மண்ணெண்ணெய் ஊற்றினான்" என்று சிலர் ஆறுதல் கொள்வர். செய்தல், செய்வித்தல், செய்ததற்கு உடன்படல் மூன்றையும் ஒன்றாகவே எண்ணும் நெறியில் அந்த ஆறுதலுக்கு இடமில்லை.

காலம் பற்றிய ஒரு நுட்பமும் உண்டு. மழைக்காலத்தில் உயிர்கள் பெருகும் என்பதனாலேயே முனிவர் ஓரிடத்தில் தங்கிச் சாதுர்மாஸ்யம் காக்கின்றனர். ஆனி, ஆடியை ஒட்டித் தொடங்கும் அவ்விரதம் தீபாவளியை ஒட்டி நிறைவுறும். தமிழகத்தின் வடபகுதியிலோ பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டுகிறது. ஆகவே இங்குள்ள இல்லறத்தார் விரதம் முடிந்ததென்று விழிப்பைத் தளர்த்தலாகாது. வேம்பு இலை உதிர்த்து முடிக்கும் பங்குனி, சித்திரையில் ஒரு முறையும், கோடை மழைக்குப்பின் ஆனியில் ஒரு முறையும், புரட்டாசியில் மீண்டும் ஒரு முறையும் கூரையைப் பார்ப்பது தகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஓய்ந்த ஒவ்வோர் இடைவெளியிலும் குழாய் வாயை மட்டும் பார்த்தால் போதும்.

செய்யும் முறையில் முனிவரின் சமிதிகள் வழிகாட்டும். மயிற்பீலியால் வருடிப் பார்த்தே ஒரு பொருளை எடுப்பர், வைப்பர். கழிப்பதை உயிரில்லா இடம் நோக்கியே இடுவர். இல்லறத்தார் நல்ல பகல் வெளிச்சத்தில், மென்மையான துடைப்பத்தால் மெல்ல ஒதுக்க வேண்டும். அணில் கூடோ பல்லி முட்டையோ இருப்பின், அதை விட்டு மற்ற இடத்தைத் துப்புரவு செய்து, நீர் சுற்றிச் செல்ல வழிவிடலாம். ஈரச் சருகைத் தெருக் கால்வாயில் தள்ளுவதும், கொளுத்துவதும் கூடா. மர நிழலில் பரப்பிவிட்டால் அதிலுள்ள சிற்றுயிர்கள் தாமே பிரிந்து செல்லும். குழாய் வாயில் கம்பி வலை பொருத்துவது குடிநீரைத் துணியில் வடிகட்டும் வீட்டார்க்குப் புதிதன்று. ஆயினும் வலைமேலும் சருகு படியும். வலை இட்டவர் அதையும் பார்த்தாக வேண்டும். 2003இல் தமிழகத்தில் மழைநீர் சேமிப்பு கட்டாயமானபின் பல வீடுகளில் இக்குழாயே கிணற்றுக்கும் செல்கிறது. அழுகிய இலையின் சாறு அங்கே இறங்குவதை எண்ணினால் வலையின் அருமை விளங்கும்.

ஆலயங்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. திருப்பருத்திக்குன்றத்தில் இருகப்பர் 1387இல் எடுப்பித்த சங்கீத மண்டபத்தின் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் ஓவியங்களாக உள்ளன. சுண்ணப் பூச்சின்மேல் தீட்டிய எந்த ஓவியத்துக்கும் மேல்தளக் கசிவே முதற்பகை. ஈரம் ஊறி உப்புப் பூத்தால் வண்ணம் பூச்சோடு உதிரும். ஊர்தோறும் ஜினாலயத் தளத்தில் ஆலும் அரசும் முளைவிடுவது சருகு மக்கிய மண்ணில்தான். விழாவுக்கு முன் சுவருக்கு வெள்ளையடிக்கும் குழுவினர் ஏணியை இன்னும் சில படி மேலே சாத்தித் தூம்புவாயையும் பார்த்து வருதல் வேண்டும். முதியோர் ஏணி ஏற வேண்டா. கீழே நின்று ஒரு குடம் நீரை மேலே ஊற்றச் சொல்லி, அது தடையின்றி வந்து விழுகிறதா என்று பார்க்கும் பணியை அவர்கள் ஏற்கலாம்.