போன மரத்துக்குப் பதிலா எந்த மரம் வைக்கலாம்?



2016 டிசம்பர் 12, வர்தா புயல் சென்னையைக் கடந்த நாள். மறுநாள் காலையில் தெருவுக்குத் தெரு மரங்கள் சாய்ந்து கிடந்தது பலருக்கும் நினைவிருக்கும். புயல்தான் என்றில்லை. பட்டுப்போச்சு, வேர் சுவரைப் பிளந்துடுச்சு என்று நாமே வெட்ட வேண்டியதும் வருது. அடுத்த கோடையில் மதிய வெயில் நேரா சுவரில் அடிக்கும்போதுதான், அந்த மரம் நமக்கு என்ன செஞ்சதுன்னு புரியும்.

உடனே நர்சரிக்கு ஓடி, "சீக்கிரம் வளர்ற மரம் எது?"ன்னு கேட்கிறோம். அதுக்கு முன்னாடி இடத்தைப் பாருங்க. இடம்தான் மரத்தை முடிவு பண்ணணும்.

முதல்ல, பழைய குழியிலேயே வைக்காதீங்க. மண்ணுக்குள் இருக்கிற பழைய வேர் மக்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கும், மண் உள்வாங்கும், கரையானும் சேரும். நாலைந்து அடி தள்ளி வையுங்க.

அடுத்து, டேப் எடுத்து அளந்து பாருங்க. வீட்டுச் சுவர், செப்டிக் டேங்க், சம்ப் எல்லாவற்றிலிருந்தும் 15 அடியாவது இருந்தால் வேம்பு, புங்கன், மகிழம் வைக்கலாம். மகிழம் மெதுவாத்தான் வளரும், ஆனா வருஷம் முழுக்க நிழல் தரும். கடலோர ஊர்களுக்குப் பூவரசும் புன்னையும் நல்லா ஒத்துவரும். இடம் குறைவா? கறிவேப்பிலை, எலுமிச்சை, மாதுளை, பவழமல்லி போதும். ஆல், அரசு, அத்தி மூன்றும் வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். வேர் சுவருக்குள்ளேயே போயிடும். முருங்கைக் கிளை சுலபமா முறியும், அதனால் மின்கம்பிக்குக் கீழே வைக்காதீங்க.

மூணாவது, திசை. போனில் இருக்கிற காம்பஸைத் திறந்து மேற்கு எதுன்னு பாருங்க. சாயங்கால வெயில் அங்கிருந்துதான் வருது. நிழல் மரத்துக்கு அதுவே சரியான பக்கம்.

வேகமா வளருது என்பதற்காக மட்டும் எதையும் வாங்காதீங்க. வர்தாவில் விழுந்தவற்றில் குல்மொஹர் போன்ற வெளிநாட்டு மரங்கள் நிறைய. கோனோகார்பஸ் மரத்துக்கு 2025-ல் தமிழ்நாடு அரசே தடை போட்டிருக்கு.

கன்றுகளுக்கு உங்க மாவட்டத்தில் உள்ள வனத்துறை, தோட்டக்கலைத் துறை நாற்றங்கால்களில் விசாரிங்க. பைக்குள் வேர் சுருண்டு கிடக்கிற கன்றைத் தவிர்த்துடுங்க. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் நட்டால், கோடைக்கு முன் வேர் பிடிச்சுடும். அதுக்கப்புறம் இரண்டு கோடை தவறாமத் தண்ணீர் ஊத்தணும். பல கன்றுகள் போறது அந்த இரண்டு கோடையில்தான்.

ஒரு விஷயம்: காம்பவுண்டுக்கு வெளியே, சாலையோரம் நிற்கிற மரம் பொதுச் சொத்து. அதை வெட்ட அனுமதி வேண்டும்.

இன்னைக்கு நடுகிற மரம் நம்ம பேரப்பிள்ளைகளுக்கும் நிழல் தரும். அதுக்காக இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு அரை மணி நேரம், டேப்போடு உங்க வாசலில் நடந்து பாருங்க.