அனுமதி கேட்டால் கதவு அடைபடும்!



செயலி எழுதும் நம் இளைஞர்களுக்கு ஒரு கேள்வி. மாணவர்கள் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஒரு செயலி எழுதுகிறீர்கள். படம் எடுக்கக் கேமரா அனுமதி, உதவி எண்ணை அழைக்க அழைப்பு அனுமதி. இவற்றால் எத்தனை மாணவர்கள் விடுபட்டுப் போவார்கள் என்று சிந்தித்தீர்களா?

ஆண்ட்ராய்டின் மேனிஃபெஸ்ட் கோப்பில் கேமரா அனுமதியை எழுதினால், பின்பக்கக் கேமராவும் ஆட்டோஃபோகஸும் கட்டாயம் என்று கூகுள் பிளே எடுத்துக் கொள்கிறது. அழைப்பு அனுமதியை எழுதினால் தொலைபேசி வசதி கட்டாயமாகிறது. அவை இல்லாத கருவிக்குச் செயலியைக் காட்டவே காட்டாது!

2012இல் 199 டாலருக்கு வந்த நெக்சஸ் 7 டேப்லெட்டில் முன்பக்கக் கேமரா மட்டுமே இருந்தது. கேமரா அனுமதியை எழுதிவிட்டு வேறெதுவும் குறிப்பிடாத செயலிகள் அதற்குக் கிடைக்கவில்லை. இது வாங்கியவர் குற்றமா?

"2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், வேண்டாத அனுமதியைப் பயனர் மறுக்கலாமே?" என்பீர்கள். மறுப்பது நிறுவிய பிறகுதானே! இங்கு நிறுவவே வழியில்லையே!

தீர்வு எளிது. கேமரா, ஆட்டோஃபோகஸ் இரண்டும் கட்டாயமல்ல என்று அதே கோப்பில் தனித்தனியே எழுதுங்கள். கேமரா இருக்கிறதா என்பதைச் செயலி இயங்கும்போது சோதியுங்கள். இல்லையேல், சேமித்து வைத்த படத்தைக் கேளுங்கள். உதவி எண்ணை டயல் திரையில் கொண்டுவந்து நிறுத்த அனுமதியே தேவையில்லை. அழைப்பு அனுமதியை நீக்கிவிடுங்கள்.

சிம் இல்லாத மலிவு டேப்லெட்டை வைத்திருக்கும் ஏழை மாணவனுக்குத்தான் உதவித்தொகை அதிகம் தேவை. அவனுக்கே கதவை அடைக்கலாமா? சிந்தியுங்கள்!